மானியம் போனால் விவசாயம் போய்விடுமா?

மானியம் என்று பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி கட்டிவிடுவோம். அரசு கை கொடுக்காவிட்டால் ஒரு விவசாயிகூட மிஞ்சமாட்டார் என்பது ஒரு கட்சி. இலவசம் கொடுத்துக் கொடுத்தே விவசாயத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே பெரும்பாலும் ஊகம்தான். மானியத்தை அடியோடு எடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்த நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் முதலில் சொல்லவேண்டியது நியூசிலாந்து. தன் விவசாயிகளுக்குக் கொடுத்துவந்த உதவிகளை 1984-இல் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அந்த நாடு நிறுத்திவிட்டது. நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டதால் விளைவுகளை இப்போது நிதானமாகப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால், மானியம் என்று எதையெல்லாம் சொல்கிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். இங்கேதான் பாதிக் குழப்பம் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

நமக்குப் பழக்கமானது இடுபொருள் மானியம். இந்தியாவில் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ ஆகும் செலவு இதைப்போலப் பல மடங்கு. மிச்சத்தை மத்திய அரசு உர நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறது. விவசாயி அந்தப் பணத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, மூட்டை மலிவாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கொடுப்பதும் இந்த வகைதான்.

இரண்டாவது, விலை வழியாக வருவது. நெல்லுக்கு அரசு ஒரு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவித்து, கொள்முதல் நிலையம் திறந்து தானே வாங்கிக்கொள்கிறது. மூன்றாவது, நேரடிப் பணம். பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் விழுகிறதே, அது. ஐரோப்பாவில் பல இலட்சம் விவசாயிகளுக்கு ஹெக்டேர் கணக்கில் இப்படிப் பணம் போகிறது.

நான்காவதை யாரும் மானியம் என்று கூப்பிடுவதில்லை. ஜப்பான் வெளிநாட்டு அரிசிக்குக் கடுமையான சுங்க வரி போட்டு வைத்திருக்கிறது. அதனால் உள்ளூர் அரிசிக்கு நல்ல விலை கிடைக்கிறது. அரசுக் கஜானாவிலிருந்து பணம் போகவில்லை. அரிசி வாங்கும் ஜப்பானியக் குடும்பம் கூடுதல் விலையாகக் கொடுத்துவிடுகிறது. கஜானாவிலிருந்து போனால் என்ன, சமையல்கட்டிலிருந்து போனால் என்ன, விவசாயிக்கு வந்து சேருவது ஒன்றுதான்.

சரி, இதையே தலைகீழாக்கிப் பாருங்கள். விளைபொருளை வெளிநாட்டுக்கு விற்கக்கூடாது என்று அரசு தடை போட்டால்? உள்ளூரில் விலை இறங்கும். வாங்குபவர் மிச்சப்படுத்துவார், அந்த மிச்சம் விவசாயியின் பையிலிருந்து போயிருக்கும். இது எதிர்ப்பக்கம் ஓடும் மானியம். விவசாயி அரசுக்குக் காசோலை எழுதாமலேயே வரி கட்டுகிறார். இந்த வகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

7 கோடி ஆடுகள்

நியூசிலாந்தின் விவசாயம் நெடுங்காலம் பிரிட்டனை நம்பி இருந்தது. உறைந்த ஆட்டிறைச்சி, கம்பளி, வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாம் கப்பல் ஏறி லண்டன் போகும். 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்ததும் அந்த வாசல் குறுகியது. அதே ஆண்டு பெட்ரோல் விலை எகிறியது. ஏற்றுமதி வருமானம் படுத்துவிட்டது.

1975-இல் பிரதமரான ராபர்ட் மல்டூன் இதற்குக் கண்டுபிடித்த வழி, இன்னும் அதிகமாக உற்பத்தி செய்வது. 1976-இல் ஆடுமாடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுபவருக்குக் கடன் கொடுத்தார்கள். கூட்டிய எண்ணிக்கையைச் சில ஆண்டுகள் குறையாமல் வைத்திருந்தால் கடன் தள்ளுபடி. 1978-இல் புதர்க் காட்டைத் திருத்தி மேய்ச்சல் நிலமாக்கக் கடன் வந்தது. வேலையை ஒழுங்காக முடித்தால் அதிலும் ஒரு பகுதி தள்ளுபடி. உரத்துக்கு மானியம் உண்டு. மலைச்சரிவுகளில் உரத்தைச் சிறு விமானத்திலிருந்து தூவுவது அங்கே வழக்கம். உரத்தைக் கொண்டுசேர்க்கும் செலவிலும் அரசின் பங்கு இருந்தது. அரசின் கிராம வங்கி சந்தை வட்டியைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலே, 1978-இல் இறைச்சிக்கும் கம்பளிக்கும் பாலுக்கும் குறைந்தபட்ச விலை வந்தது. உலகச் சந்தையில் விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு கொடுக்கும்.

பணம் எதற்குக் கிடைக்கிறதோ அதுதான் பெருகும். இங்கே தலைக்கணக்குக்குப் பணம், ஆகவே தலைகள் பெருகின. 1982-இல் நியூசிலாந்தில் 7 கோடி ஆடுகள். மக்கள்தொகை 32 இலட்சத்தைச் சுற்றி. ஆளுக்கு இருபத்திரண்டு ஆடு! ஆடு மேயவே கூடாத செங்குத்துச் சரிவுகளிலும் காட்டை வெட்டி ஆட்டை ஏற்றினார்கள். அத்தனை இறைச்சியையும் வாங்க ஆள் இல்லை. விற்காத ஆட்டிறைச்சியில் ஒரு பகுதியை உருக்கிக் கொழுப்பாகவும் உரமாகவும் ஆக்கும் நிலை வந்தது. மானிய உரம் போட்டுப் புல் வளர்த்து, அந்தப் புல்லை ஆடு தின்று, கடைசியில் ஆடே உரமாகிப் போவதை என்னவென்று சொல்வது.

1980-களின் தொடக்கத்தில் ஆடு வளர்ப்பவரின் வருமானத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் அரசு வழியாக வந்தது என்று அந்நாட்டு விவசாயிகள் சங்கமே பின்னாளில் கணக்குச் சொன்னது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். இந்தப் பணமெல்லாம் சும்மா கொடுத்த பரிசா? இல்லை. அதே காலத்தில் நியூசிலாந்து தன் தொழிற்சாலைகளைக் காப்பாற்ற இறக்குமதிக்கு உரிமமும் உயர்ந்த வரியும் போட்டு வைத்திருந்தது. அதனால் டிராக்டர், டயர், வேலிக்கம்பி, கார் எல்லாமே வெளிநாட்டைவிட விலை கூடுதல். நாணயத்தின் மதிப்பையும் அரசு செயற்கையாக உயர்த்திப் பிடித்திருந்தது. லண்டனில் விற்ற ஆட்டுக்கு உள்ளூர்ப் பணமாகக் கையில் வருவது குறைந்தது. வலது கை கொடுத்ததில் பெரும்பங்கு, இடது கை ஏற்கெனவே எடுத்துக்கொண்டதற்கு ஈடு.

விவசாய மானியம் பற்றி ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதைத்தான் நான் சொல்வேன். தனியாக ஒரு மானியத்தை எடுத்து வைத்துக்கொண்டு நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அது எந்த இழப்புக்கு ஈடாக வந்தது என்று முதலில் பார்க்கவேண்டும்.

எடுத்தபோது

1984 ஜூலையில் அவசரத் தேர்தல் நடந்து மல்டூன் தோற்றார். டேவிட் லாங்கி பிரதமர், ரோஜர் டக்ளஸ் நிதியமைச்சர். கட்சியைக் கவனிக்கவேண்டும். மானியத்தை வாரி வழங்கியது விவசாயிகள் வழக்கமாக வாக்களிக்கும் வலதுசாரி தேசியக் கட்சி. அதை எடுத்தது நகரத் தொழிலாளர்களை நம்பிய தொழிற்கட்சி. தங்களுக்கு வாக்களிக்காதவர்களின் மானியத்தை வெட்டுவது அரசியல்வாதிக்குக் கொஞ்சம் எளிதுதானே.

கொள்கை ஆர்வம் மட்டும் இதற்குக் காரணமில்லை. கஜானா காலி. அந்நியச் செலாவணி தீரும் நிலையில் புதிய அரசு வந்தவுடனே நாணய மதிப்பை 20 சதவீதம் குறைக்கவேண்டி வந்தது. இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. ஐரோப்பாவோ ஜப்பானோ விவசாயியைத் தாங்க முடிகிறது என்றால், அங்கே தொழிலும் வணிகமும் பெரிது, விவசாயம் சிறிது. பெரியவர் சிறியவரைத் தூக்கிச் சுமக்கலாம். நியூசிலாந்தில் விவசாயம்தான் பெரியவர். அவரை யார் சுமப்பது? விவசாயிக்குக் கொடுக்க விவசாயியிடமே வாங்கவேண்டும், அல்லது வெளியில் கடன் வாங்கவேண்டும். கடன்தான் வாங்கினார்கள்.

1984 நவம்பர் பட்ஜெட்டில் தொடங்கி உர மானியம், சலுகை வட்டி, நிலம் திருத்தும் கடன், விலை உத்தரவாதம் எல்லாம் சில ஆண்டுகளுக்குள் போயின. விவசாயிகள் சங்கத்தின் தலைமை இதைக் கொள்கையளவில் எதிர்க்கவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். எங்களுடையதை எடுங்கள், ஆனால் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் பாதுகாப்பையும் சேர்த்து எடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது.

அங்கேதான் அரசு சொதப்பியது. விவசாயியின் மானியம் முதலில் போனது. தொழிற்சாலைகளின் பாதுகாப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. கார்களுக்கான இறக்குமதி வரி முழுதாக நீங்கியது 1998-இல்தான். நாணயத்தின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று 1985 மார்ச்சில் மிதக்கவிட்டார்கள். வட்டி விகிதம் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்ததால் வெளிநாட்டுப் பணம் உள்ளே வந்து நாணய மதிப்பு மறுபடி ஏறியது, ஏற்றுமதி செய்யும் விவசாயிக்கு அடுத்த அடி. இடது கை எடுப்பதை நிறுத்துவதற்கு முன்பே வலது கை கொடுப்பதை நிறுத்திவிட்டது. 1986-இல் ஆயிரக்கணக்கான விவசாயிகள் வெலிங்டனில் நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள்.

பணம் எங்கே போய்த் தேங்கியது?

மானியம் போனதும் முதலில் விழுந்தது நிலத்தின் விலை. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் பல பகுதிகளில் பாதியளவுக்கு விழுந்தது. புதிதாகப் படிப்பவர்கள் தவறவிடும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நிலத்திலிருந்து ஆண்டுக்கு இவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்குபவர் விலை பேசுவார். அந்த வருமானத்தோடு அரசு மானியமும் சேர்ந்தால் நிலத்துக்கு இன்னும் கூடுதலாகக் கொடுக்கத் தயாராவார். அடுத்தவரும் அப்படியே. கொஞ்ச நாளில் மானியம் முழுக்க நிலத்தின் விலைக்குள் போய் உட்கார்ந்துவிடும். மானியம் தொடங்கியபோது நிலம் வைத்திருந்தவருக்கு இலாபம். அவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு கடன் வாங்கி நிலம் வாங்கிய இளம் விவசாயிக்கு வரும் மானியம் கடன் தவணைக்கே சரியாகப் போய்விடும். அவர் கையில் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஆனால் மானியத்தை நிறுத்தினால் முதலில் மூழ்குபவர் அவர்தான். நிலத்தின் மதிப்பு கடனுக்குக் கீழே போய்விடும், வட்டியோ ஏறிக்கொண்டே இருக்கும்.

நியூசிலாந்தில் அப்படியே நடந்தது. கடன் இல்லாத வயதான விவசாயிகள் செலவைச் சுருக்கிக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள். 1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும் நிலம் வாங்கிய இளையவர்கள்தான் கழுத்துவரை மூழ்கினார்கள். பத்தில் ஒரு பண்ணை, அதாவது சுமார் 8,000 பண்ணைகள், ஏலத்துக்கு வரும் என்று அரசுத் தரப்பில் பயந்தார்கள். கட்டாயத்தின்பேரில் விற்கப்பட்டவை சுமார் 800 என்று சொல்லப்படுகிறது, நூற்றில் ஒன்று.

மானியம் போனால் விவசாயம் அழியாது என்பதற்கு இந்த ஒரு சதவீதத்தைத்தான் உலகமெங்கும் உதாரணம் காட்டுகிறார்கள். எண்ணில் தவறில்லை, ஆனால் எண் எப்படிக் குறைந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. அரசின் கிராம வங்கி, திருப்பிக் கட்டக்கூடிய விவசாயிகளின் கடனில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டது. கடன் கொடுத்த தனியாரும் வேறு வழியில்லாமல் இறங்கி வந்தார்கள். வெளியேற விரும்பியவர்களுக்கு ஒருமுறை உதவித்தொகை கொடுத்தார்கள். அடுப்பெரியச் சமூகநல உதவி கிடைத்தது. நிலம் விற்காமல் தப்பிய பல குடும்பங்களில் மனைவி பக்கத்து ஊரில் வேலைக்குப் போய்ச் சம்பளம் கொண்டுவந்தார். இவையெல்லாம் இல்லாமல் அந்த 800, 800-ஆக நின்றிருக்காது.

கணக்கில் வராதவர்களும் இருந்தார்கள். வேலியடிப்பவர், ஆட்டுரோமம் கத்தரிப்பவர், உரம் தூவும் விமானக் கம்பெனி, சிற்றூர்க் கடைக்காரர். இறைச்சித் தொழிற்சாலைகள் ஆட்டு வரத்து குறையும் என்று தெரிந்ததும் மூடத் தொடங்கின. ஹாக்ஸ் பே பகுதியின் வாக்கட்டூ ஆலை 1986-இல் மூடியபோது சுமார் 2,000 பேருக்கு வேலை போனது. அவர்களில் நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகள் ஏராளம். மானியம் விவசாயிக்குத்தான் கொடுக்கப்பட்டது, ஆனால் அது ஊர் முழுக்கச் சுற்றிவந்துகொண்டிருந்தது. எடுத்தபோது கடன் கழிவு நிலம் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது. ஆலைத் தொழிலாளிக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆடு குறைந்தது, கறி அவ்வளவாகக் குறையவில்லை

சில ஆண்டுகள் கழித்து நிலைமை மாறியது. மானியத்துக்காக ஆடு வளர்த்த காலத்தில் எத்தனை தலை என்பதே கேள்வி. சந்தைக்கு வளர்த்தபோது ஓர் ஆட்டிலிருந்து எவ்வளவு என்பது கேள்வியானது. சரிவான நிலங்களை விட்டுவிட்டார்கள். உரத்தை மண் பரிசோதனை பார்த்துப் போட்டார்கள். பின்லாந்து, நெதர்லாந்து இனங்களைக் கொண்டுவந்து உள்ளூர் ஆட்டோடு கலந்தார்கள். முன்பு நூறு தாய் ஆடுகளுக்கு ஏறத்தாழ நூறு குட்டி கிடைத்தது, இப்போது நூற்று முப்பதுக்குப் பக்கம். வெட்டிய குட்டியின் எடை 13, 14 கிலோவாக இருந்தது, 18, 19 கிலோ ஆனது. ஆடுகள் 7 கோடியிலிருந்து 2.4 கோடியளவுக்கு வந்துவிட்டன. இறைச்சி அந்த வேகத்தில் குறையவே இல்லை. முழு ஆட்டை உறையவைத்து லண்டனுக்கு அனுப்பியதுபோய், வெட்டிப் பதமாகக் குளிரூட்டிய துண்டுகளைப் பல நாடுகளுக்கு விற்றார்கள். மான் பண்ணை, திராட்சைத் தோட்டம், கிவி என்று பலர் மாறிக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் பால். பால்மாடுகளின் எண்ணிக்கை 1980-களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. 2001-இல் பெரிய கூட்டுறவுகள் இணைந்து ஃபான்டெர்ரா உருவானது. உலகச் சந்தையில் பால்பொடி விலையைத் தீர்மானிக்கும் அளவுக்கு அது பெரியது. இன்று வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் கணக்கில் நியூசிலாந்து விவசாயிகளின் மொத்த வருமானத்தில் அரசு ஆதரவின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே, வளர்ந்த நாடுகளில் மிகக் குறைந்த அளவு. அந்தத் துளியிலும் பெரும்பகுதி ரொக்கமாக வருவதில்லை. நோய்ப் பயத்தால் வெளிநாட்டுக் கோழிக்கறியையும் முட்டையையும் எளிதில் உள்ளே விடுவதில்லை, அதனால் உள்ளூரில் அவற்றுக்குக் கிடைக்கும் கூடுதல் விலைதான் அது.

இவ்வளவு கேட்டதும் அரசு விவசாயத்தைவிட்டு ஒதுங்கிவிட்டது என்று நினைத்துவிடவேண்டாம். ஆராய்ச்சிக்கு அரசு பணம் போடுகிறது. விமான நிலையத்தில் பயணியின் பையிலிருக்கும் ஓர் ஆப்பிளுக்குக்கூட அபராதம் போடும் அளவுக்கு நோய்த்தடுப்பு கடுமை. 2017-இல் மாடுகளுக்கு ஒரு பாக்டீரியா நோய் வந்தபோது, பாதித்த மந்தைகளை அழித்து உரிமையாளர்களுக்கு ஈடு கொடுத்தார்கள். அந்தச் செலவில் 68 சதவீதம் அரசுடையது, மிச்சம் பண்ணைத் தொழிலுடையது. கிவிப்பழ ஏற்றுமதியில் ஆஸ்திரேலியா தவிர மற்ற நாடுகளுக்கு ஸெஸ்ப்ரி என்ற ஒரே நிறுவனத்துக்குச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. பணமாகக் கொடுக்கவில்லை என்றாலும் இவையெல்லாம் அரசு செய்யும் வேலைகள்தான்.

ஆற்றையும் கேட்கவேண்டும். மாடு இரண்டு மடங்கானால் சிறுநீரும் இரண்டு மடங்கு. அதிலிருந்தும் யூரியாவிலிருந்தும் நைட்ரேட் இறங்கி, கேன்டர்பரி சமவெளியின் நிலத்தடி நீர் பல இடங்களில் கெட்டுவிட்டது. ஒரு ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்துக்கு ஆண்டுக்கு 190 கிலோவுக்குமேல் செயற்கை நைட்ரஜன் போடக்கூடாது என்ற வரம்பு 2021-இல்தான் வந்தது. மாடு ஏப்பத்தில் விடும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவுக்கும் விலை வைக்கவில்லை. அந்நாட்டின் கார்பன் சந்தைத் திட்டத்தில் மற்ற தொழில்கள் தங்கள் புகைக்கு விலை கொடுக்கின்றன, மாட்டு ஏப்பத்துக்கு விலக்கு. தான் கெடுத்ததற்குக் காசு கட்டாமல் இருப்பதும் ஒருவகை மானியம்தான் என்று சூழலியலாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதே கார்பன் சந்தையில் மரம் உறிஞ்சும் கார்பனுக்குப் பணம் கிடைப்பதால் மலைச்சரிவு ஆட்டுப் பண்ணைகளை வாங்கிப் பைன் மரம் நடுவது இலாபமாகிவிட்டது. அரசு மரத்துக்குச் சலுகை கொடுத்து எங்களை விரட்டுகிறது என்று ஆடு வளர்ப்பவர்கள் இப்போது புலம்புகிறார்கள்.

இதை இங்கே கொண்டுவந்தால்?

அப்படியே கொண்டுவர முடியாது. நியூசிலாந்து ஆட்டுப் பண்ணை என்றால் சில நூறு ஹெக்டேர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவரிடம் இருக்கும் நிலத்தின் சராசரி 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட வராது. அங்கே நிலத்தை விற்று வெளியேறியவருக்குச் சமூகநல உதவி இருந்தது. இங்கே அந்த இரண்டு ஏக்கர்தான் சமூகநல உதவி. எண்ணிக்கையும் வேறு. அங்கே சில பத்தாயிரம் பண்ணைகள், இந்தியாவில் கோடிக்கணக்கான குடும்பங்கள்.

இலங்கையைக் காட்டுபவர்களுக்கும் ஒரு சொல். 2021-இல் அங்கே நடந்தது மானிய நீக்கமே இல்லை. இரசாயன உரத்தை நாட்டுக்குள் கொண்டுவரவே தடை போட்டார்கள். காசு கொடுத்தாலும் உரம் கிடைக்கவில்லை. நெல்லும் தேயிலையும் சரிந்து, அதே ஆண்டின் இறுதியில் தடையை விலக்கிக்கொண்டார்கள். மானியம் இல்லாமல் விவசாயம் நடக்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் தேடிப் பயனில்லை.

ஆனால் நியூசிலாந்தில் பார்த்த சில இயக்கங்கள் இங்கேயும் அப்படியே ஓடுகின்றன. பணம் எதற்குக் கிடைக்கிறதோ அது பெருகும் என்பது முதலாவது. 2010-இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் மானியத்தை இந்திய அரசு சத்தின் அளவுக்கேற்ப மாற்றியமைத்தது. அவற்றின் கடை விலை ஏறியது. யூரியாவை மட்டும் தொடவில்லை. மலிவாகக் கிடைப்பதைத்தானே போடுவார்கள்? வயல்களில் யூரியா தரும் தழைச்சத்து தேவைக்குமேல் விழுகிறது, மற்றவை குறைகின்றன.

மின்சாரமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அது யாரும் சும்மா தூக்கிக் கொடுத்ததில்லை. 1970-களில் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்களில் கோவை நகரத்தையே மாட்டுவண்டிகளால் அடைத்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தார்கள். அதனால்தான் இன்றுவரை எந்தக் கட்சியும் அதில் கைவைக்கத் துணியவில்லை. இன்று 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். மோட்டார் ஓடுவதற்குச் செலவில்லை என்பதால் எவ்வளவு ஆழத்திலிருந்தும் தண்ணீர் எடுக்கலாம். கொங்குப் பகுதியில் ஆயிரம் அடி போர்வெல் இப்போது செய்தியே இல்லை. மின்சாரம் இலவசம், ஆனால் போர் போடும் செலவு விவசாயியுடையது. நீர்மட்டம் இறங்க இறங்க அந்தச் செலவு ஏறுகிறது. கடன் வாங்கி ஆழ்துளை போட முடிந்தவருக்குத்தான் இலவச மின்சாரம் பயன்படுகிறது. பக்கத்து வயல்காரரின் பழைய கிணறு வறண்டுவிட்டால் அவருக்கு இலவசத்தால் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, இடது கை. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை மத்திய அரசு தடைசெய்தது. அடுத்த மாதம் புழுங்கலரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி போட்டது. அந்த டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை. தேர்தல் காலத்தில் விலைவாசி ஏறக்கூடாது என்ற கவலை புரியக்கூடியதுதான். ஆனால் விலை நன்றாக இருந்த ஆண்டில் விற்கவிடாமல் தடுத்தது யாருடைய பணத்தை? ஓஇசிடி அமைப்பு இரண்டு கைகளையும் சேர்த்து ஆண்டுதோறும் போடும் கணக்கில் இந்தியாவுக்குக் கிடைக்கும் விடை பல ஆண்டுகளாகக் கழித்தல் குறியோடுதான் வருகிறது. உரம், மின்சாரம், நேரடிப் பணம் எல்லாம் கூட்டிய பிறகும் இந்திய விவசாயி மொத்தத்தில் பெறுவதைவிட இழப்பதே அதிகம். இந்தக் கணக்குப் போடும் முறையை ஏற்காத பொருளியலாளர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் யூரியா மூட்டையை மட்டும் காட்டி "விவசாயிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் பார்" என்று சொல்பவரிடம், ஏற்றுமதித் தடையையும் சேர்த்துக் கூட்டச் சொல்லலாம்.

மானியங்களைக் குறைக்கவேண்டும் என்று வாதிடுபவர்களில் நியாயமானவர்கள் முன்வைக்கும் மாற்று, பொருளாகக் கொடுப்பதைப் பணமாகக் கொடுத்துவிடலாம் என்பது. யூரியாவை உண்மை விலைக்கு விற்று, வித்தியாசத்தைக் கணக்கில் போட்டுவிட்டால் தேவையான அளவுக்கு மட்டும் வாங்குவார்கள். காகிதத்தில் கச்சிதமான யோசனை. ஆனால் யாருடைய கணக்கில்? பிஎம் கிசான் பணம் நிலம் தன் பெயரில் இருக்கும் குடும்பத்துக்குத்தான் போகிறது. தெலங்கானாவில் 2018-இல் தொடங்கிய ரைத்து பந்து திட்டமும் ஏக்கர் கணக்கில் நில உரிமையாளருக்கே பணம் கொடுத்தது, குத்தகைதாரர் விடுபட்டார். காவிரிப் படுகையில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தனியார் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து உழுபவர்கள் நிறைய. பலருடைய குத்தகைக்கு எழுத்தே கிடையாது. மூட்டை மலிவாக இருக்கும்வரை உரக் கடையில் நிற்பவர் யாரோ அவருக்கு மானியம் கிடைத்துவிடுகிறது, பட்டா யார் பெயரில் என்று மூட்டை கேட்பதில்லை. அதைப் பணமாக மாற்றும் நாளில் பட்டாக்காரர் கணக்கில் பணம் விழும், வயலில் இருப்பவர் முழு விலை கொடுத்து உரம் வாங்குவார். அந்த மாற்றத்துக்கு முன்னால் குத்தகையைப் பதிவு செய்யவேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு 1969-இலேயே ஒரு சட்டம் இருக்கிறது. தன் பெயர் பதிவானால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காமல் போய்விடுமோ என்று குத்தகைக்காரரே தயங்குகிறார்.